பேய்க்குப் பயந்த சிறுவனுக்கு வேலைக்காரப் பெண் கொடுத்த மருந்து: காந்தியின் ராம நாமக் கதை

டெல்லி ராஜ்காட்டில் காந்தியை எரியூட்டிய இடத்தில் ஒரு கறுப்புப் பளிங்கு மேடை இருக்கிறது. அதில் பொறித்திருப்பது இரண்டே சொற்கள்: ஹே ராம். சுடப்பட்டு விழும்போது காந்தி அதைச் சொன்னாரா, சொல்லவில்லையா என்ற சண்டை இன்னமும் ஓயவில்லை. ஜனவரி 30 வந்தாலே ஆளாளுக்கு ஒரு சாட்சியத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

அந்தச் சண்டையில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. ராமன் பெயர் காந்தியின் வாய்க்கு முதன்முதலில் எப்படி வந்தது? சின்ன வயதில் தொடங்கி 78 வயது வரை அவர் அதை என்னவாகப் பயன்படுத்தினார்? எங்கே அது அவருக்குக் கைகொடுத்தது, எங்கே சிக்கலில் கொண்டுபோய் விட்டது? பக்தியோடு ஒரு பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வதைத்தான் நாம ஜபம் என்கிறோம். அது ஒரு மனிதனின் வாழ்க்கையில் எப்படி வேலை செய்தது என்று பார்க்க, காந்தியைப் போல வெளிப்படையாக எழுதிவைத்துவிட்டுப் போனவர்கள் குறைவு.

விளக்கு இல்லாமல் தூங்காத பையன்

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869 அக்டோபர் 2 அன்று குஜராத்தின் போர்பந்தரில் பிறந்தார். அப்பா திவான். அம்மா புத்லிபாய் விரதம், நோன்பு என்று கறாராக இருந்தவர். வீடு வைணவ வீடு. ஆனால், கோயிலின் ஆடம்பரம் பையன் மனதில் ஒட்டவில்லை. அங்கிருந்து தனக்கு எதுவும் கிடைக்கவில்லை என்று பிற்பாடு அவரே எழுதினார்.

பையன் சரியான பயந்தாங்கொள்ளி. பேய் என்றால் பயம், திருடன் என்றால் பயம், பாம்பு என்றால் பயம். இருட்டில் வெளியே கால் வைக்க மாட்டான். கல்யாணம் ஆன பிறகும்கூட இந்தப் பயம் போகவில்லை. அறையில் விளக்கு எரியாவிட்டால் தூக்கம் வராது. பக்கத்தில் படுத்திருக்கும் கஸ்தூர்பாவுக்கு அப்படி எந்தப் பயமும் கிடையாது. அதை நினைத்து அவருக்கு வெட்கமாக இருக்குமாம்.

சிறுவனாக இருந்தபோதே இந்தப் பயத்துக்கு மருந்து சொன்னவர் ரம்பா. அந்த வீட்டில் வேலை செய்த பெண். பயம் வந்தால் ராமா ராமா என்று சொல்லிக்கொண்டே இரு, அவ்வளவுதான் என்றார். பையனுக்கு அந்த மருந்தின் மேல் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால், ரம்பாவின் மேல் இருந்தது. அவள் சொன்னாள் என்பதற்காகச் சொல்ல ஆரம்பித்தான்.

இந்தப் பழக்கம் நீடிக்கவில்லை. ஆனாலும், தனக்கு ராம நாமம் கைகண்ட மருந்தாக இருப்பதற்குக் காரணம் அந்த நல்ல பெண் அன்றைக்குப் போட்ட விதைதான் என்று சுயசரிதையில் எழுதினார். இது கவனிக்கவேண்டிய இடம். ஐந்தெழுத்து, எட்டெழுத்து மந்திரங்களைக் குருவிடம் முறைப்படி உபதேசமாகப் பெறுவது நம் ஊரில் பழைய வழக்கம். அந்த உபதேசத்துக்குச் சடங்கு உண்டு, நாள் உண்டு, தகுதி உண்டு. வெறும் ராம நாமத்துக்கு இதெல்லாம் கட்டாயம் இல்லை. காந்திக்கு அதைக் கொடுத்தது ஆச்சாரியரோ மடாதிபதியோ அல்ல, ஒரு வேலைக்காரப் பெண். பிற்காலத்திலும் அவர் யாரையும் ஆன்மிக குருவாக ஏற்றுக்கொள்ளவில்லை.

வில்வ இலையும் ராமாயணமும்

அதே காலத்தில் ராமாயணத்தில் ஊறிய உறவினர் ஒருவர், மோகன்தாஸும் அவருடைய அண்ணனும் ராம ரட்சை ஸ்தோத்திரம் படிக்க ஏற்பாடு செய்தார். தினமும் காலையில் குளித்துவிட்டுச் சொல்ல வேண்டும். போர்பந்தரில் இருந்தவரை சொன்னார்கள். ராஜ்கோட்டுக்குக் குடிபோனதும் மறந்துபோனது. அதில் நம்பிக்கையைவிட, வடமொழியைப் பிசகில்லாமல் உச்சரிக்கிறேன் என்ற பெருமைதான் அதிகம் இருந்தது என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

ஆழமாகப் பதிந்தது வேறொன்று. அப்பா உடம்புக்கு முடியாமல் போர்பந்தரில் இருந்தபோது, தினமும் சாயங்காலம் துளசிதாசரின் ராமாயணம் கேட்பார். வாசித்தவர் பிலேஷ்வரைச் சேர்ந்த லாதா மகராஜ். அவருக்குத் தொழுநோய் இருந்தது என்றும், பிலேஷ்வர் மகாதேவருக்குச் சாத்திய வில்வ இலையைப் புண்ணில் வைத்துக் கட்டி, ராம நாமத்தை விடாமல் சொல்லியே குணமானார் என்றும் ஊரில் பேச்சு. உண்மையோ இல்லையோ, நாங்கள் நம்பினோம் என்று காந்தி எழுதுகிறார். அப்போது அவருக்கு 13 வயது இருக்கும். பெயரைச் சொன்னால் மனசு மட்டுமல்ல, உடம்பும் தேறும் என்ற எண்ணம் விழுந்த இடம் இதுதான். அறுபது வருடம் கழித்து இது பெரிய பிரச்சினையாகத் திரும்பி வரும்.

ஜபத்தில் என்ன நடக்கிறது?

ஜபம் என்பது ஒரே சொல்லை அல்லது மந்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது. மரபு இதை மூன்றாகப் பிரிக்கிறது. பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கிற மாதிரி வாய்விட்டுச் சொல்வது வாசிகம். உதடு மட்டும் அசைய, தனக்கு மட்டும் கேட்பதுபோலச் சொல்வது உபாம்சு. உதடும் அசையாமல் மனதுக்குள் மட்டும் ஓடுவது மானசம். மனு ஸ்மிருதி இந்த மூன்றில் மானச ஜபத்தையே உச்சத்தில் வைக்கிறது. கீதையின் பத்தாம் அத்தியாயத்தில், வேள்விகளில் தான் ஜப வேள்வியாக இருப்பதாகக் கண்ணன் சொல்கிறான்.

கண்ணை மூடி மனதை வெறுமையாக்கு என்று சொன்னால் பெரும்பாலோருக்கு முடியாது. உட்கார்ந்த ஐந்தாவது நிமிடமே பால்காரன் பாக்கி ஞாபகம் வரும். ஜபம் மனதை வெறுமையாக்கச் சொல்வதில்லை. அதுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கொடுக்கிறது. மனம் ஓடும், இழுத்துக்கொண்டு வந்து பெயரில் விட வேண்டும். மறுபடி ஓடும், மறுபடி இழுக்க வேண்டும். 108 மணி கோத்த மாலை இருப்பதும் அதற்குத்தான். எண்ணிக்கையை விரல் பார்த்துக்கொள்ளும், மனம் பெயரில் இருக்கலாம்.

காந்தி சொன்னதும் இதுதான். முதலில் உதட்டில்தான் வரும், அதில் தப்பில்லை. அங்கிருந்து நெஞ்சுக்கு இறங்க வேண்டும். வாய் ராமா என்று சொல்ல, மனம் வேறெங்கோ மேய்ந்தால் பிரயோஜனம் இல்லை. ஏமாற்றுகிறவன், பொய் சொல்கிறவன் லட்சம் முறை சொன்னாலும் அது நெஞ்சில் இறங்காது. ஆகவே உண்மை, சேவை, புலனடக்கம் எல்லாம் சேர்ந்து வர வேண்டும். மந்திரவாதம், தாயத்து மாதிரி எதுவும் இதில் இல்லை என்பதையும் அவர் அழுத்திச் சொன்னார்.

1908: ஜோகன்னஸ்பர்க் தெருவில் முதல் 'ஹே ராம்'

ராஜ்காட்டில் பொறித்திருக்கும் சொற்களை காந்தி முதன்முதலாக மரணத்தின் பக்கத்தில் நின்று சொன்னது 1948-ல் இல்லை. அதற்கு 40 வருடம் முந்தி.

தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் இந்தியர்கள் கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்துப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. 1908 ஜனவரி கடைசியில் ஜெனரல் ஸ்மட்ஸோடு ஓர் உடன்பாடு வந்தது. இந்தியர்கள் தாங்களாகவே முன்வந்து பதிவு செய்துகொண்டால், சட்டம் விலக்கிக்கொள்ளப்படும் என்று காந்தி நம்பினார். எல்லோரும் நம்பவில்லை. 15,000 பவுன் வாங்கிக்கொண்டு சமூகத்தை விற்றுவிட்டார் என்றுகூடப் பேச்சு எழுந்தது.

பிப்ரவரி 10 அன்று காலையில் பதிவு அலுவலகத்துக்கு நடந்து போனார். கூட யூசுப் மியானும், மொரிஷியஸில் பிறந்த தமிழரான தம்பி நாயுடுவும் போனார்கள். வழியில், முன்பு காந்தியிடமே கட்சிக்காரராக இருந்த பட்டாணியர் மீர் ஆலமும் அவருடைய ஆட்களும் மறித்தார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே தடியடி விழுந்தது. ஹே ராம் என்று சொல்லியபடியே மயங்கி விழுந்ததாக காந்தி தன்னுடைய 'தென்னாப்பிரிக்காவில் சத்தியாக்கிரகம்' நூலில் பதிவு செய்திருக்கிறார். விழுந்த பிறகும் அடியும் உதையும் நிற்கவில்லை. தடுக்கப் போன தம்பி நாயுடுவுக்கும் யூசுப் மியானுக்கும் நல்ல அடி.

கண் விழித்ததும் அவர் முதலில் கேட்ட விஷயங்களில் ஒன்று, மீர் ஆலம் எங்கே என்பது. கைது செய்துவிட்டார்கள் என்று தெரிந்ததும், விட்டுவிடச் சொன்னார். பாதிரியார் ஜோசப் டோக் அவரைத் தன் வீட்டுக்குத் தூக்கிப் போய்க் கவனித்துக்கொண்டார். ராமன் பெயரைச் சொல்லி விழுந்தவர், அந்த வீட்டில் படுக்கையில் இருந்தபடி, டோக்கின் சின்ன மகளிடம் தனக்குப் பிடித்த ஒரு கிறிஸ்தவப் பாட்டைப் பாடச் சொல்லிக் கேட்டார்.

இருட்டுக்குப் பயந்த பையனுக்கு இப்போது வயது 38. பயம் வந்தால் பெயரைச் சொல் என்று ரம்பா கொடுத்த பயிற்சி, அவர் யோசிக்கவே நேரம் இல்லாத ஒரு விநாடியில் தானாக வாயில் வந்தது. ஜபம் செய்கிறவர்கள் நெஞ்சில் இறங்கிவிட்டது என்று சொல்வது இந்த மாதிரி நிலையைத்தான்.

எந்த ராமன்?

சரி, காந்தி கூப்பிட்ட ராமன் யார்? இந்தக் கேள்வி அவரிடம் பலமுறை கேட்கப்பட்டது. தன்னுடைய ராமன் தசரதன் மகனாக அயோத்தியில் ஆண்ட சரித்திர ராமன் அல்ல, பிறப்பும் இறப்பும் இல்லாத பரம்பொருளுக்கு ராமன் என்பது ஒரு பெயர் என்று 1946-ல் 'ஹரிஜன்' இதழில் தெளிவாக எழுதினார். அல்லா என்றாலும் குதா என்றாலும் அதேதான். ஒரு முஸ்லிம் ராம நாமம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. அவரவர் நாக்குக்குப் பழகிய பெயரே அவரவருக்குப் போதும்.

இதை அவர் தானாகக் கண்டுபிடித்ததாகச் சொல்ல முடியாது. ராமனைவிட ராமனின் பெயர் பெரியது என்று துளசிதாசரே பாலகாண்டத்தில் நீளமாகப் பாடியிருக்கிறார். பக்தி இலக்கியத்திலேயே ஆகப் பெரிய நூல் என்று காந்தி கொண்டாடியது துளசி ராமாயணத்தைத்தான். ஒரு கதைத்தலைவனை விட்டுப் பெயரை மட்டும் எடுத்துக்கொள்ளும் வழியை அந்த மரபே திறந்து வைத்திருந்தது. காந்தி அந்த வழியில் மற்ற மதத்துக்காரர்களும் நடக்க முடியுமா என்று பார்த்தார்.

தனியாகச் சொன்னது கூட்டத்தில் ஒலித்தபோது

1915-ல் இந்தியா திரும்பி அகமதாபாத்தில் ஆசிரமம் தொடங்கியதும், விடியற்காலையிலும் சாயங்காலமும் பிரார்த்தனை அன்றாட வேலையானது. கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் நிலைத்த அறிவுடையவன் யார் என்று விளக்கும் சுலோகங்கள், ஒரு பஜனை, கடைசியில் ராம்துன். 'ரகுபதி ராகவ' என்று தொடங்கும் அந்தப் பாட்டை ஆசிரமத்தின் இசை ஆசிரியர் நாராயண் மோரேஷ்வர் கரே நடத்திக்கொடுப்பார். 1930-ல் தண்டி யாத்திரைக்கும் அவர் கூடப் போனார்.

காலம் போகப் போக இந்தப் பிரார்த்தனையில் குர்ஆன் பகுதி சேர்ந்தது, பார்சிகளின் வேத வாசகம் சேர்ந்தது, ஜப்பானிய பௌத்தத் துறவிகளின் மந்திரம் சேர்ந்தது. 1946 தொடக்கத்தில் சென்னைக்கு வந்து தியாகராய நகரில் இந்தி பிரசார சபா வளாகத்தில் தங்கியிருந்தபோதும் தினமும் சாயங்காலம் பிரார்த்தனைக் கூட்டம் நடந்தது. பெருங்கூட்டம் கூடியது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே தாளத்தில் கை தட்டி ஒரு பெயரைச் சொல்லும்போது கூட்டத்துக்கே ஒரு கட்டுப்பாடு வருகிறது என்பது அவருடைய அனுபவம். தனியாளின் பயத்துக்குப் பிடித்த மருந்து, ஊர்க் கூட்டத்தின் பதற்றத்துக்கும் பிடிக்குமா என்பது அவர் மனதில் இருந்த கேள்வி.

மருந்தா, மந்திரமா?

காந்தியின் ராம நாமத்தில் அதிகம் விமர்சிக்கப்பட்ட பகுதி இது. விமர்சனத்தில் நியாயமும் இருக்கிறது.

1924 ஜனவரி 12 அன்று எரவாடா சிறைக் கைதியாக இருந்த காந்திக்குப் புனே சாசூன் மருத்துவமனையில் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தது. செய்தவர் கர்னல் மாடக் என்ற ஆங்கிலேயர். நடுவில் மின்சாரம் போய், வேறு விளக்கு வைத்து முடித்தார்கள். டாக்டருக்கு காந்தி நன்றி சொன்னார். ஆனால், நோய் வந்ததே தன் மனதின் பலவீனத்தால்தான், அறுவை சிகிச்சைக்கு இணங்கியது இன்னொரு பலவீனம் என்றும் எழுதினார்.

தன் உடம்பைப் பற்றி ஒருவர் அப்படி நினைத்தால் அது அவர் பாடு. 1944-ல் விஷயம் வேறு. புனே ஆகா கான் மாளிகையில் காந்தியோடு சிறை வைக்கப்பட்டிருந்த கஸ்தூர்பா இதய நோயோடு நிமோனியாவும் சேர்ந்து படுத்துவிட்டார். மகன் தேவதாஸ் பெரிய பாடுபட்டு, அப்போது கிடைப்பதற்கே அரிதான பென்சிலினை கல்கத்தாவிலிருந்து விமானத்தில் வரவழைத்தார். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஊசி போட வேண்டும் என்று தெரிந்ததும் காந்தி வேண்டாம் என்று மகனைத் தடுத்தார். சாகப்போகிறவளைக் குத்தி வதைக்காமல் கடவுளிடம் விட்டுவிடு என்பதே அவர் நிலை. பிப்ரவரி 22 அன்று கஸ்தூர்பா கணவரின் மடியில் இறந்தார். அந்த நிலையில் பென்சிலின் அவரைக் காப்பாற்றியிருக்குமா என்பது வேறு கேள்வி. மகன் கொடுக்க நினைத்ததைக் கணவர் தடுத்தார் என்பது மாறாது. அதுக்குப் பிறகு காந்திக்கே கடுமையான மலேரியா வந்தபோது அவர் கொய்னா எடுத்துக்கொண்டார் என்பதையும் விமர்சகர்கள் சுட்டிக்காட்டத் தவறுவதில்லை.

இதற்குப் பிறகு அவர் பின்வாங்கவில்லை, இன்னும் இறுகினார். 1946 மார்ச்சில் புனே அருகே உருளி காஞ்சன் கிராமத்தில் சில நாள் தங்கி, ஏழை நோயாளிகளுக்கு இயற்கை வைத்தியம் பார்த்தார். இடுப்புக் குளியல், மண் பட்டி, வெயில், எளிய சாப்பாடு, கூடவே ராம நாமம். மணிபாய் தேசாய் பொறுப்பில் அங்கே இயற்கை மருத்துவ ஆசிரமம் உருவானது. பல லட்சம் கிராமங்களில் டாக்டரும் இல்லை, மருந்து வாங்கக் காசும் இல்லை, தண்ணியும் மண்ணும் ராமன் பெயரும் எல்லோருக்கும் இலவசம் என்பது அவர் வாதம். அந்த வருடம் ஹரிஜனில் ராம நாமம் பற்றி எழுதிக் குவித்தார். நவஜீவன் அவற்றைத் தனிப் புத்தகமாகவே போட்டது.

இன்றைய மருத்துவம் இதில் பாதியைத்தான் ஏற்கும். 2001-ல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் லூசியானோ பெர்னார்டி குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆரோக்கியமான 23 பேரைக் கிறிஸ்தவ ஜபமாலைப் பிரார்த்தனையையும் பௌத்த மந்திரம் ஒன்றையும் சொல்லவைத்துப் பார்த்தபோது, மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு நிதானமானது. இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஒன்றுக்கொன்று இசைந்தன. ஜபம் பதற்றத்தைக் குறைக்கிறது என்று ஜபிக்கிறவர்கள் சொல்வதில் உடலியல் உண்மை இருக்கிறது. ஆனா, மூச்சு நிதானப்படுவது வேறு, நிமோனியா குணமாவது வேறு. ஜபத்தைப் பயத்துக்கு மருந்தாக வைத்துக்கொண்டபோது காந்திக்குக் கால் இடறவில்லை. கிருமிக்கு மருந்தாக வைத்தபோது இடறியது.

நவகாளியின் மூங்கில் பாலங்கள்

1946 அக்டோபரில், இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் நவகாளி மாவட்டத்தில் இந்துக்கள் மீது பெரும் வன்முறை நடந்தது. கொலை, தீ வைப்பு, கட்டாய மதமாற்றம். 77 வயது காந்தி நவம்பரில் அங்கே போனார். கூட வந்தவர்களை ஆளுக்கு ஒரு ஊரில் இருக்கச் சொல்லிவிட்டு, 1947 ஜனவரி 2 முதல் மார்ச் 2 வரை ஊர் ஊராக நடந்தார். சுமார் 116 மைல், 47 ஊர்கள். வெறுங்காலோடு நடந்தார். ஓடைகளைக் கடக்க ஒற்றை மூங்கில் போட்ட பாலங்கள்தான். அதில் நடக்க முன்கூட்டியே பழகிக்கொண்டார். சில இடங்களில் பாதையில் முள்ளும் மலமும் போட்டுவைத்தார்கள்.

காலையில் கிளம்பும்போதும் சாயங்காலக் கூட்டத்திலும் ராம்துன் உண்டு. ஈஸ்வரன், அல்லா எல்லாம் ஒருவனின் பெயர்களே என்ற வரி சேர்ந்த வடிவம் அந்த நாட்களில் தினமும் ஒலித்தது. கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களிடம் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: பயப்படாதீர்கள். ரம்பா அவரிடம் சொன்னதும் அதே.

ஆனால், இந்தப் பெயர் எல்லோருக்கும் பொதுவாகிவிடவில்லை. நவகாளியில் ராம்துன் தொடங்கியதும் முஸ்லிம்கள் சிலர் எழுந்து போனார்கள். டெல்லியில் நேர் எதிராக நடந்தது. 1947 ஏப்ரலில் வால்மீகி காலனிப் பிரார்த்தனையில் குர்ஆன் ஓதக் கூடாது என்று இந்துக்கள் சிலர் எழுந்து சத்தம் போட்டார்கள். குர்ஆனை விட்டுவிட்டு மீதியை நடத்தலாமே என்ற யோசனைக்கு காந்தி ஒப்பவில்லை. நடந்தால் முழுசாக நடக்கும், இல்லாவிட்டால் கிடையாது என்று கூட்டத்தையே நிறுத்தினார். ஒருத்தர் எதிர்த்தாலும் நிறுத்தினார். ராமன் பெயரை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் அவருக்கு எந்தத் தொல்லையும் வந்திருக்காது. ஆனால், அடுத்தவர் கடவுளின் பெயரை விரட்டிவிட்டு வைத்துக்கொள்ளும் ராம நாமம் அவருக்குத் தேவைப்படவில்லை.

கடைசிப் பத்து நாள்

1948 ஜனவரி 13 முதல் 18 வரை, டெல்லியில் முஸ்லிம்களுக்குப் பாதுகாப்பு வேண்டி காந்தி உண்ணாவிரதம் இருந்தார். இரண்டு நாள் கழித்து, 20-ம் தேதி, பிர்லா மாளிகைப் பிரார்த்தனைக் கூட்டத்தின் பின்பக்கச் சுவரில் குண்டு வெடித்தது. ராணுவப் பயிற்சி ஏதோ என்று நினைத்துக்கொண்ட அவர், கூட்டத்தை அமைதியாக இருக்கச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். கலங்காமல் இருந்ததற்கு மவுண்ட்பேட்டன் பிரபுவின் மனைவி வந்து பாராட்டியபோது, அது குண்டு என்றே தனக்குத் தெரியாது, அதில் பெருமை ஒன்றுமில்லை என்றார். ஒருவன் நேருக்கு நேர் சுட, அவன் மேல் கோபம் இல்லாமல் ராமன் பெயரோடு தான் விழுந்தால் அப்போது பாராட்டலாம் என்றார்.

அந்தக் கடைசி நாட்களில் அவருக்குக் கடும் இருமல். பேத்தி முறையான மனு பென்சிலின் மாத்திரை தரவா என்று கேட்டார். வேண்டாம் என்றார். நான் நோயில் செத்தால், ஒரு சின்னக் கட்டி வந்து செத்தாலும், இவன் போலி மகாத்மா என்று ஊருக்குச் சொல்லிவிடு. யாராவது சுட்டு, நான் முனகாமல் ராமன் பெயரோடு போனால் மட்டும் உண்மையானவன் என்று சொல் என்று மனுவிடம் சொல்லிவைத்தார். பென்சிலின் பற்றிய பழைய பிடிவாதமும், பயத்தை ஜெயிக்க நினைத்த பழைய முயற்சியும் அந்தப் பேச்சில் ஒன்றாகவே இருந்தன.

30-ம் தேதி சாயங்காலம் வல்லபாய் படேலோடு பேசியதில் பிரார்த்தனைக்கு நேரமாகிவிட்டது. மனு, ஆபா இருவர் தோளிலும் கை வைத்து வேகமாக நடந்தார். நாதுராம் கோட்சே கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து குனிந்தார். ஏற்கெனவே தாமதம் என்று மனு தடுத்தபோது கோட்சே தள்ளியதில், அவர் கையிலிருந்த எச்சில் கிண்ணம், நோட்டுப் புத்தகம், காந்தியின் ஜபமாலை எல்லாம் கீழே விழுந்தன. மனு குனிந்து அவற்றை எடுக்கப்போன நேரத்தில் மூன்று குண்டுகள். மணி 5.17.

சொன்னாரா, இல்லையா?

கூப்பிய கையோடு ஹே ராம் என்று சொல்லி விழுந்தார் என்று பக்கத்தில் இருந்த மனு எழுதினார். காந்தியின் செயலாளர்களில் ஒருவராக இருந்து, பின்னாளில் சென்னையில் வாழ்ந்து 2021-ல் மறைந்த வி.கல்யாணமும் அன்றைக்கு அருகில் இருந்தவர்தான். காந்தி அப்படிச் சொல்லவில்லை என்று அவர் சொன்னதாகச் செய்தி பரவிப் பெரிய சர்ச்சை ஆனது. தன் காதில் விழவில்லை என்றுதான் சொன்னேன், அவர் சொல்லவே இல்லை என்று சொல்லவில்லை என 2018-ல் விளக்கம் கொடுத்தார். துப்பாக்கிச் சத்தம், கூச்சல், குழப்பம். ஒருவருக்குக் கேட்டது இன்னொருவருக்குக் கேட்காமல் போயிருக்கலாம்.

சந்தேகமே இல்லாதது ஒன்று உண்டு. 1908-ல் தடியடியில் விழும்போது சொன்னதாக அவரே எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு 40 வருடம் சிறையில், உண்ணாவிரதத்தில், ராட்டையின் முன்னால், நவகாளியின் வரப்புகளில் அதே பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். குண்டு வெடித்த இடத்துக்கே மறுநாளும் பாதுகாப்பு வேண்டாம் என்று நடந்து வந்தார். விளக்கு அணைந்தால் தூங்க மாட்டேன் என்ற பையன் அவர். கடைசி விநாடியில் உதடு என்ன சொன்னது என்பதைவிட, அந்த விநாடியை நோக்கிப் பத்து நாள் அவர் பயமில்லாமல் நடந்தார் என்பது பெரிய சாட்சியம்.

ராம நாமத்தின் பலன் என்று காந்தி நிறையச் சொன்னார். அதில் நோய் தீரும் என்ற பகுதியை இன்றைக்கு யாரும் பின்பற்ற வேண்டியதில்லை, பின்பற்றவும் கூடாது. பயம் தீரும் என்ற பகுதிக்கு அவர் வாழ்க்கையே சாட்சி. அந்தப் பயிற்சியை அவருக்குக் கொடுத்த ரம்பாவின் ஊரையோ, குடும்பத்தையோ பற்றி சுயசரிதையில் விவரம் ஒன்றும் இல்லை. அந்த வீட்டில் வேலை செய்தார், பயந்த பிள்ளைக்கு ஒரு பெயரைச் சொல்லிக்கொடுத்தார் என்பது மட்டும் இருக்கிறது.